என்ன வரும் என்று தெரியாத பார்சல்: புதைபடிவப் பரிமாற்றம் பற்றிச் சில கேள்விகள்

நேரில் பார்த்தே இராத ஒருவருக்கு ஒரு பெட்டி புதைபடிவங்களை அனுப்பிவிட்டு, அவர் அனுப்பும் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று தெரியாமலே காத்திருப்பதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. அதில் புதிதாக இறங்கியவர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என்னிடம் இருப்பதெல்லாம் சின்னச் சின்னச் சுறாப் பற்கள்தான். பெரிய சேகரிப்பாளர்களோடு பரிமாற்றத்தில் இறங்கலாமா?

தாராளமாக இறங்கலாம். ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. அதனால்தான் சில ஆற்றுப் படுகைகளிலும் கடற்கரைகளிலும் அவை அள்ள அள்ளக் கிடைக்கின்றன. ஆனால் காலமெல்லாம் பழைய சுண்ணாம்புக் கல்லையே உடைத்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு சுறாப் பல்கூடக் கண்ணில் பட்டிருக்காது. அமெரிக்காவின் யூட்டாவில் எல்ராத்தியா கிங்கி என்ற டிரைலோபைட், அதாவது அழிந்துபோன ஓடுள்ள கடல் உயிரினம், ஏராளமாகக் கிடைக்கிறது. வயது சுமார் 50 கோடி ஆண்டுகள். அந்தப் பக்கத்துச் சேகரிப்பாளரின் இழுப்பறையில் அது குவிந்து கிடக்கும். வயோமிங்கின் கிரீன் ரிவர் படிவுகளில் வரும் நைட்டியா என்ற குட்டி மீனும் அப்படித்தான். ஒருவருக்குச் சலித்துப்போனது இன்னொருவருக்கு முதல்முறையாக வருகிறது. இந்தப் பரிமாற்றம் ஓடுவதே அதனால்தான்.

ஒரே ஒரு யோசனை. உடைந்த பற்கள் ஐம்பது அனுப்புவதைவிட, வேர் முழுதாக இருக்கும் பற்கள் ஐந்து அனுப்புங்கள். அப்புறம், ‘ஆச்சரியம்’ என்பதற்காக எதையுமே பேசாமல் இருந்துவிடாதீர்கள். தோராய மதிப்பு, எடை, அனுப்பும் தேதி, எதிராளியிடம் ஏற்கெனவே நிறைய இருப்பவை, அவருக்கு ஆர்வமில்லாதவை எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். அதனால் சுவாரசியம் ஒன்றும் குறையாது.

ஒவ்வொன்றுக்கும் லேபிள் கட்டாயமா? என் பழைய சேகரிப்பில் பாதிக்கு எங்கே கிடைத்தது என்றே நினைவில்லை.

கட்டாயம்தான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது ஆச்சரியமாக இருக்கட்டும். அது எங்கிருந்து வந்தது என்பதில் எந்த மர்மமும் வேண்டாம். இடம் தெரியாத அம்மோனைட், அதாவது சுருள் ஓட்டுப் படிவம், மேசை அலங்காரத்துக்கு உதவும். அதை வைத்து வேறு எதுவும் செய்ய முடியாது. எந்தப் பாறை அடுக்கு, எந்தக் காலம், எந்த ஊருக்குப் பக்கத்தில், யார், எந்த ஆண்டு எடுத்தது ஆகிய ஐந்தும் இருந்தால்தான் அதைப் பற்றி மேற்கொண்டு ஏதாவது சொல்ல முடியும். உயிரினத்தின் பெயர் இவற்றுக்கெல்லாம் பிறகுதான். பெயரை யாராவது பின்னால் கண்டுபிடித்துக் கொடுப்பார்கள். இடத்தை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது.

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் எதெல்ட்ரெட் பெனட் என்ற பெண்மணி இருந்தார், 1845-இல் மறைந்தார். புதைபடிவங்களைச் சேகரித்து, தம் காலத்து நிலவியலாளர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டே இருந்தவர். அவருடைய முதல் பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்த ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ், பெண்களைச் சேர்க்காத செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டத்தை அவருக்கு வழங்கிவிட்டார்! சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். 1831-இல் அவர் தம் மாவட்டத்துப் புதைபடிவங்களுக்கு ஒரு பட்டியல் அச்சிட்டார். அவர் இறந்த பின் சேகரிப்பு கைமாறி, கடல் கடந்து, பிலடெல்பியாவின் இயற்கை அறிவியல் அகாதமிக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவு தூரம் போன பிறகும் அது ஆய்வுக்குப் பயன்படுகிறதென்றால், அவர் எழுதி வைத்ததுதான் காரணம்.

உங்கள் பழைய சரக்குக்கு வருவோம். நினைவில்லாததை ஊகித்து எழுதாதீர்கள். ‘இடம் தெரியாது’ என்று நேர்மையாக எழுதி, கொசுறாக அனுப்புங்கள்; பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க உதவும். தவறான இடம் எழுதிய லேபிள், லேபிளே இல்லாததைவிட மோசம்.

லேபிளைப் பென்சிலால் எழுதுங்கள். ஈரம் பட்டாலும் அழியாது. கல்லோடு சேர்த்து ஒரே கவரில் போட்டால் உரசி உரசியே எழுத்து போய்விடும். ஆகவே தனியாக ஒரு சிறு ஜிப் கவரில் போட்டு, பிறகு கல்லோடு வையுங்கள். பார்சலுக்குள் எண் போட்ட முழுப் பட்டியல் ஒன்றும் இருக்கட்டும்.

பஞ்சு வைத்துத்தான் கட்டினேன். கடல் அல்லித் தண்டு மூன்று துண்டாகிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்கே தவறு?

பஞ்சுதான் தவறு. பூவடிவக் கடல் விலங்கான கடல் அல்லியைப் போல முள், கிளை, மெல்லிய விளிம்பு உள்ள எதிலும் பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும். பிரிக்கிறவர் இழுக்கும்போது உடையும். முதலில் மெல்லிய டிஷ்யூ காகிதம், பிறகு ஜிப் கவர், அதற்கு மேல் பபிள் ராப். செலோடேப் எந்தக் காரணத்துக்காகவும் கல்லின் மேல் படக்கூடாது. பொடிப் பற்களைச் சின்னக் குப்பியில் போட்டு, அவை உள்ளே ஆடாதபடி டிஷ்யூவை நிரப்பி மூடுங்கள்.

அரைக் கிலோ கல்லையும் கடல் அல்லியையும் ஒரே பெட்டியில் வைத்தால், எத்தனை சுற்றுச் சுற்றியிருந்தாலும் வழியில் கல்தான் ஜெயிக்கும். கனமானவற்றுக்குத் தனிப் பெட்டி. மீன் படிந்த மெல்லிய பலகைக் கற்களை இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, பீங்கான் தட்டுகளை அடுக்குவதுபோல நிமிர்த்தி வையுங்கள்; படுக்கவைத்தால் மேலிருக்கும் பாரத்தில் நடுவில் பிளந்துவிடும். கடைசியாக, பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்துச் சுற்றிலும் நான்கு விரல் அகலத்துக்கு மெத்தை கொடுங்கள். மூடியதும் ஆட்டிப் பாருங்கள். ஏதாவது சத்தம் கேட்டால் திரும்பத் திறங்கள். ‘உடையும் பொருள்’ என்ற ஸ்டிக்கரை நம்பாதீர்கள். தபால்களை வகைபிரிக்கும் இயந்திரம் அதைப் படிப்பதில்லை. இடுப்பு உயரத்திலிருந்து கீழே விழும் என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள்.

உடைந்துபோனதற்கு ஒரு வார்த்தை: துகள்களைத் தூக்கிப்போட வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லுங்கள். சூப்பர் குளூவும் வேண்டாம்; ஒட்டியதைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. அருங்காட்சியகங்களில் பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்துப் பயன்படுத்துவார்கள். அதன் வசதி என்னவென்றால், பொருத்தம் சரியில்லாவிட்டால் மறுபடி அசிட்டோன் தொட்டுப் பிரித்துவிடலாம். உதவி செய்கிறேன் என்று அசிட்டோனை நீங்கள் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். தீப்பற்றும் பொருள், தபாலில் தடை.

வெளிநாட்டுப் பார்சலின் மேல் உள்ளே இருப்பதை எழுதச் சொல்கிறார்கள். எழுதிவிட்டால் அப்புறம் என்ன ஆச்சரியம்?

இதற்காகச் சிலர் ‘பரிசு’ என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். செய்யாதீர்கள். சுங்கத்தில் பெட்டியைப் பிரிப்பதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டாம். பிரித்தவர்கள் நீங்கள் சுற்றியதுபோலத் திரும்பச் சுற்றித் தரமாட்டார்கள். குறைந்த மதிப்புள்ள தபால் பொருளுக்கு சிஎன் 22 என்ற சிறு படிவம், அதற்கு மேல் போனால் சிஎன் 23. ‘புதைபடிவக் கிளிஞ்சல்கள், சேகரிப்புக்காக’ என்று எழுதினால் போதும். இனத்தின் பெயரை யாரும் கேட்பதில்லை. தொல்லுயிரியல் சேகரிப்புப் பொருட்களுக்கான சுங்க வகைப்பாட்டு எண் 9705. அதையும் எழுதினால் வேலை சுலபம். காசு கைமாறவில்லை என்பதால் மதிப்புப் பூஜ்யம் ஆகிவிடாது. வாங்கப் போனால் என்ன விலை இருக்குமோ அதை எழுதுங்கள். தொலைந்தால் இழப்பீடு கேட்பதற்கும் அந்தத் தொகைதான் கணக்கு.

புதைபடிவப் பவளத்தைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் கல்பவளங்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றின் புதைபடிவங்களுக்கு விலக்கு உண்டு. எனவே ‘புதைபடிவம்’ என்ற சொல் சுங்கப் படிவத்தில் தெளிவாக இருக்க வேண்டும். வெறுமனே ‘பவளம்’ என்று எழுதினால் பார்சல் அங்கேயே நின்றுவிடும்.

நானே கையால் எடுத்ததை நான் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்தானே?

பலரும் சறுக்கும் இடம் இது. எடுத்த நிலம் யாருடையது, அந்த நாட்டுச் சட்டம் என்ன என்பதைப் பொறுத்தது. பிரேசிலில் 1942-இலிருந்தே புதைபடிவங்கள் அரசின் சொத்து. உபிரஜாரா என்று பெயரிடப்பட்ட டைனோசர் ஜெர்மனியிலிருந்து 2023-இல் பிரேசிலுக்குத் திரும்பிப் போனது. 2012-இல் நியூயார்க்கில் ஏலம் போன டார்போசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு அடுத்த ஆண்டே மங்கோலியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் புதைபடிவங்களின் ஏற்றுமதியை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சீனாவும் கண்டிப்பு.

இதெல்லாம் பெரிய எலும்புகளுக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் நில மேலாண்மைப் பணியகத்தின் நிலங்களில், சாதாரணமாகக் கிடைக்கும் கிளிஞ்சல், இலைப் படிவங்களைச் சொந்த உபயோகத்துக்கு அனுமதியில்லாமலே கொஞ்சம் எடுக்கலாம். ஆனால் அவற்றை விற்கக்கூடாது, பண்டமாற்றும் செய்யக்கூடாது. நாம் பேசிக்கொண்டிருக்கும் பரிமாற்றம் பண்டமாற்றுதான்! முதுகெலும்புள்ளவற்றை, அதாவது அந்தச் சுறாப் பற்களையும் சேர்த்து, அங்கே அனுமதியில்லாமல் எடுக்கவே முடியாது. தனியார் நிலத்தில் உரிமையாளரின் ஒப்புதலோடு எடுத்தது வேறு கதை. அதையும் லேபிளில் குறித்துவிடுங்கள். இடத்தைச் சொல்லத் தயங்குகிறவரோடு நான் பரிமாற்றம் வைத்துக்கொள்வதில்லை.

நுண்படிவம், அதாவது மிகச் சிறிய புதைபடிவம், தேடுவதற்காக ஒரு பை மணல் கேட்கிறார் ஒரு நண்பர். அனுப்பலாமா?

இதைவிட நல்ல ஆச்சரியப் பார்சல் கிடையாது. பெட்டியைத் திறந்த பிறகுதான் தேடலே ஆரம்பம். உள்நாட்டுக்குள் என்றால் அனுப்புங்கள். நாடு விட்டு நாடு என்றால் மண்ணுக்குப் பெரும்பாலும் தடை இருக்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் கல்லிடுக்கில் ஒட்டிய மண்ணைக்கூட விடமாட்டார்கள். சலித்து, கழுவி, உலர்த்தி, பொறுக்கிய பற்களையும் முள்களையும் மட்டும் குப்பியில் அனுப்புவதே நல்லது.

வந்த டிரைலோபைட் போலியோ என்று சந்தேகம். எப்படிப் பார்ப்பது? அனுப்பியவரிடம் எப்படிச் சொல்வது?

லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஊசிமுனைக் குழிகள் தெரிந்தால் அவை பிசினில் சிக்கிய காற்றுக்குமிழிகளாக இருக்கலாம். ஃபாகோப்ஸ் வகை டிரைலோபைட்டுகளில் கண்ணின் ஒவ்வொரு வில்லையும் தனித்தனியாகத் தெரியும். அச்சில் வார்த்த போலியில் அது மழுங்கிவிடும். உண்மையான கல் உடைத்து ஒட்டப்பட்டிருந்தால் விரிசல் பாறையிலிருந்து படிவத்தின் ஊடாகவே ஓடும். புற ஊதா விளக்கில் பசையும் பிசினும் பாறையிலிருந்து வேறாக ஒளிரும். சூடான ஊசியை அடிப்பக்கத்தில் வைத்தால் பிளாஸ்டிக் நாறும். மொராக்கோவிலிருந்து வரும் மோசசார் என்ற அழிந்துபோன கடல் ஊர்வனத்தின் தாடைகளில் பல் உண்மையாகவும், தாடை மணலும் பசையும் கலந்ததாகவும் இருப்பது சகஜம்.

அனுப்பியவரும் ஏமாந்திருக்க வாய்ப்பு அதிகம். படம் எடுத்து அனுப்பி, ‘இது எங்கே வாங்கியது?’ என்று மட்டும் கேளுங்கள். கொஞ்சம் ஒட்டிச் சரிசெய்ததைப் போலி என்று சொல்ல மாட்டேன். அதைச் சொல்லாமல் அனுப்பினால்தான் கோபம் வரும்.

பளபளப்பான பைரைட் அம்மோனைட் வந்தது. இப்போது கந்தக நெடி, வெள்ளைப் பொடி.

பைரைட் நோய். ஈரக்காற்றில் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலம் உண்டாகிறது. அது கல்லைத் தின்னும், லேபிளையும் பெட்டியையும் அரிக்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் வேகம் கூடும். உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, லேபிளை நகலெடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். தண்ணீரில் கழுவாதீர்கள். இனி பைரைட் அனுப்பும்போது பட்டியலில் அதைக் குறிப்பிட்டு ஒரு சிலிக்கா ஜெல் பையும் போட்டுவிடுங்கள்.

நான் அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. அவர் அனுப்பவே இல்லை.

கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த முறை இருவரும் ஒரே நாளில் அனுப்பி, டிராக்கிங் எண்ணைப் பரிமாறிக்கொள்ளுங்கள்.

சாணப் படிவம் அனுப்பினால் அவமானப்படுத்துவதாக நினைப்பார்களா?

புதைபடிவம் சேகரிப்பவர் நினைக்கமாட்டார். 1829-இல் வில்லியம் பக்லாந்து அதற்குக் காப்ரோலைட் என்று கௌரவமாகப் பெயரே வைத்துவிட்டார். உள்ளே மீன் செதிலோ எலும்புத் துணுக்கோ தெரிகிற துண்டாகப் பார்த்து அனுப்புங்கள்.