கோட்டை மானுக்கு வாழைப்பழம்

அன்புள்ள ஐயா,

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்களுக்குப் பழம் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். சிவன் கையில் ஏந்திய மான் அல்லவா? வாயில்லாச் சீவனுக்குக் கொடுப்பது எப்படிக் குற்றமாகும்? அவ்வளவு அக்கறையென்றால் பிடித்துக் காட்டில் விடலாமே.

ஒரு வாசகி, உப்புவெளி

அன்புள்ள அம்மா,

கொடுக்கிற மனதில் பிழையில்லை. மானின் வயிற்றுக்குத்தான் அது ஒத்துவராது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் புல்லுக்கும் இலைக்கும் பழகியவை. பாண், சோறு, கனிந்த பழம் என்று மாவும் சீனியும் ஒரேயடியாகப் போனால் அங்கே லக்டிக் அமிலம் பெருகி, உடம்பிலுள்ள நீரை வயிறு இழுத்துக்கொள்ளும். மான் கழிந்து, சோர்ந்து, படுத்துவிடும். ஒரு பழத்தால் இது வராதுதான். ஆனால் வெள்ளிக்கிழமை உங்களுக்குப் பின்னால் எத்தனை அருச்சனைத் தட்டு வருகிறது?

பழத்தைவிடப் பொல்லாதது அது வந்த பை. உப்பும் எண்ணெயும் ஒட்டிய சொப்பிங் பையை மான் சாப்பாடென்றே மெல்லும். இரைப்பையின் இரண்டாம் அறையிலிருந்து மூன்றாம் அறைக்குப் போகும் வாசல், நன்றாக அரைபட்டதைத்தான் விடும். பை அங்கேயே தங்கி, அடுத்த பையோடு முறுக்கிப் பந்தாகும். வயிறு நிறைந்தபடியே மான் மெலிந்து சாகும்.

காட்டில் விடுவதும் லேசல்ல. துரத்தி வலைபோட்டுப் பிடித்தால் பயத்திலும் ஓட்டத்திலும் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும். லொறியில் உயிரோடு ஏறியது சில நாள் கழித்தும் சாகலாம். இந்தியாவில் கன்ஹா தேசியப் பூங்காவில் புனல்போல மறைப்புக் கட்டி, கை படாமலே வண்டிக்குள் நடத்திவிடுகிறார்கள். அதற்கு ஆளரவமற்ற இடமும் பொறுமையும் வேண்டும். கோயில் வழியில் எங்கே போவது?

புள்ளிமான் இனம் அழியும் தறுவாயில் இல்லை. ஆகவே இனத்தைக் கணக்கிடுபவர்களுக்குக் கோட்டை மான் பெரிய விடயமல்ல. நீங்களோ முன்னால் நிற்கும் ஒன்றைப் பார்க்கிறீர்கள். நெதர்லாந்தின் ஊஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் என்ற இயற்கைக் காப்பிடத்தில், வேலிக்குள் விட்ட மான், குதிரை, மாடுகளை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்றிருந்தார்கள். 2017–18 குளிர்காலத்தில் 3,000க்கு மேல் போயின. பெரும்பாலானவை பட்டினியில் சாகுமுன் சுடப்பட்டவை. சனங்கள் வேலிக்கு மேலால் வைக்கோல் எறிந்தார்கள். இதில் நான் வைக்கோல் எறிந்தவர்கள் பக்கம். அடைத்துவைத்தவர்கள் இயற்கையின் தலையில் பழியைப் போட முடியாது. ஒருபக்கம் கடலும் மறுபக்கம் பட்டினமுமாய் நிற்கும் நமது மான்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் வைக்கோலுக்கும் வாழைப்பழத்துக்கும் வித்தியாசம் உண்டு. புல் காயும் மாதங்களில் வெட்டிய இலைதழையை வனசீவராசிகள் திணைக்களத்தைக் கேட்டுப் போடலாம். தண்ணீர்த் தொட்டி வைக்கலாம். குப்பைத் தொட்டிக்கு, மான் மூக்கால் தள்ளித் திறக்க முடியாத பாரமான மூடி வேண்டும். நீங்கள் பையை வீட்டிலேயே விட்டு, ஓலைப்பெட்டியில் சாமான் கொண்டுபோங்கள். அருச்சனைப் பழம் பிள்ளைகளுக்கு.