முப்பது நாளுக்குள் என்றால் கையொப்பத்தை மீட்கலாம்

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். கலிபோர்னியாவில் இருக்கும் மகளுக்கு இது ஏழாம் மாதம். சிகிச்சையில் ஏதும் பிழை நடந்தால் நீதிமன்றம் போகாமல், வெளியே ஒருவர் தீர்ப்புச் சொல்லும் நடுத்தீர்ப்புக்குத்தான் (arbitration) போவேன் என்று ஒரு படிவத்தை டாக்டரின் அலுவலகம் போனுக்கு அனுப்பியிருக்கிறது. மகளும் விரலால் கீறிக் கொடுத்துவிட்டார். 18 நாளாகிறது. "அது எங்கட இணக்க சபை மாதிரித்தானே?" என்று கேட்கிறார்.

இல்லை அம்மா. இணக்க சபையில் பேசிப் பார்ப்பார்கள். சரிவராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டு நீங்கள் முல்லைத்தீவு நீதிமன்றத்துக்குப் போகலாம். நடுத்தீர்ப்பாளர் பேசிப் பார்க்கிறவர் அல்ல, தீர்க்கிறவர். அவர் சொன்னதுதான் முடிவு. சட்டத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டார் என்பதற்காகக்கூட மேன்முறையீடு செய்வது பெரும்பாலும் முடியாது. நட்டஈடு கேட்கும் உரிமை போகவில்லை, எங்கே கேட்பது என்பதுதான் மாறுகிறது. ஆனால் அந்த 'எங்கே' சின்ன விஷயமில்லை. ஜூரி இல்லை, நடுத்தீர்ப்பாளருக்கான கட்டணத்திலும் வழக்கமாக நோயாளிக்குப் பங்கு வரும்.

மகளை அந்தப் படிவத்தைத் திறந்து, கையொப்பத்துக்குச் சற்று மேலே பார்க்கச் சொல்லுங்கள். தடித்த சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கவேண்டும். கலிபோர்னியாவின் சிவில் நடைமுறைச் சட்டக்கோவை, 1295ஆம் பிரிவு, எழுத்தின் அளவைக்கூட விடாமல் சொல்கிறது: குறைந்தது 10 புள்ளி. அப்படியே இரண்டாம் பந்தியையும் வாசிக்கட்டும். 'பிறந்த, பிறக்காத பிள்ளைகள்' என்று பெரும்பாலான படிவங்களில் இருக்கும். வயிற்றிலிருக்கும் உங்கள் பேரப்பிள்ளையையும் சேர்த்துத்தான் அந்த விரல் கீறியிருக்கிறது.

ஆனாலும் அதே பிரிவு, கையொப்பமிட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் அறிவித்து ஒப்பந்தத்தை இரத்துச் செய்ய இடம் தருகிறது. உங்களுக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. விட்டுவிட்டால் அதே டாக்டரிடம் இனிப் போகும் தடவைகளுக்கும் அந்த ஒரு கையொப்பமே செல்லும்.

இரத்துச் செய்தால் பார்க்கமாட்டேன் என்பார்களோ என்று மகள் யோசிக்கலாம். தனியார் டாக்டர் அப்படிச் சொல்ல வாய்ப்புண்டு. ஆனால் வேறு ஆளைத் தேட அவகாசம் தராமல் இடைநடுவில் கைவிட முடியாது. பிரசவ வலியோடு அவசரப் பிரிவுக்குப் போனால் கதையே வேறு: 1986ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ஆஸ்பத்திரி முதலில் பார்த்தே ஆகவேண்டும். என்னைக் கேட்டால் இரத்துச் செய்வேன்.

மகளை ஏசாதீர்கள். மெனிக் பாம் அகதி முகாமில் நீட்டிய கடதாசியிலெல்லாம் கையெழுத்து வைத்துப் பழகிய ஆட்கள்தானே நாங்கள்.

இங்கே கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு தனியார் ஆஸ்பத்திரி இப்படிக் கேட்டால் இன்னும் கவனம். எங்கள் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தில் இந்த 30 நாள் சலுகை கிடையாது. நீங்கள் வழக்குப் போட்டாலும், மற்றப் பகுதி ஆட்சேபித்தால் நீதிமன்றம் அதை விசாரிக்க முடியாது.

கடிதம் நாலு வரி போதும்: பெயர், பிறந்த திகதி, கையொப்பமிட்ட திகதி, 'இந்த ஒப்பந்தத்தை இரத்துச் செய்கிறேன்'. பதிவுத் தபாலில் போடட்டும், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். பன்னிரண்டாம் நாள்வரை பார்த்துக்கொண்டிராமல் நாளைக்கே.