எஞ்சின் வேண்டாம், எடையைப் பாருங்கள்: ஆர்.வி. வாங்க நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்காவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறையாத நிலையில், அடுக்குமாடி வீட்டு வாடகைக்குக் கொட்டும் பணத்தை மிச்சப்படுத்த மனைவியுடன் ஓர் ஆர்.வி.யிலேயே, அதாவது சக்கரத்தின் மேல் ஓடும் வீட்டிலேயே, குடியேறிவிடலாமா என்றும், மடிக்கணினியில் அலுவலக வேலையைப் பார்த்துக்கொண்டே நாட்டைச் சுற்றலாமா என்றும், விற்பனையாளர் காட்டிய 31 அடி கிளாஸ் சி மோட்டார் ஹோம் (தன் எஞ்சினிலேயே ஓடும் நடுத்தர அளவு ஆர்.வி.) அதற்குப் பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே வந்து 24 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் ஆறு ஆண்டுகள் நானும் என் மனைவியும் சக்கரத்தின் மேல்தான் குடித்தனம் நடத்தினோம். எங்கள் முதல் வண்டி தவறான தேர்வு; இரண்டாவதைத்தான் விசாரித்து வாங்கினோம். ஆகவே இந்தப் பதிலில் பாதி, நான் பணம் கட்டிக் கற்றுக்கொண்டது.

எச்-1பி வேலை விசாவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வண்டிக்கும் விசாவுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். உங்கள் விஷயத்தில் எந்த வண்டி என்பதையே அதுதான் முடிவு செய்கிறது. உங்கள் நிறுவனம் அரசிடம் அளித்த மனுவில் நீங்கள் வேலை செய்யும் இடம் குறிப்பிடப்பட்டிருக்கும். அந்தப் பெருநகர வட்டாரத்தை விட்டு வேறு பகுதியில் உட்கார்ந்து வேலை செய்வதானால், குறுகிய காலத்துக்கான சில விலக்குகள் நீங்கலாக, நிறுவனம் திருத்திய மனு தாக்கல் செய்ய வேண்டும். குடியிருக்கும் முகவரி மாறினாலும் 10 நாட்களுக்குள் ஏ.ஆர்-11 படிவத்தின் வழியாகக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வாரம் ஒரு மாநிலம் என்று அலைவது, கிரீன் கார்டு கைக்கு வரும்வரை உங்களுக்கு ஒத்துவராது. அலுவலகம் இருக்கும் அதே வட்டாரத்தில் ஓர் ஆர்.வி. பூங்காவில் மாத வாடகைக்கு இடம்பிடித்துக் குடியிருந்து, விடுமுறையில் மட்டும் ஊர் சுற்றுவது ஒத்துவரும். நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

அப்படியானால் உங்கள் வண்டி ஆண்டில் ஏறத்தாழ 330 நாட்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். நிற்கப்போகும் வீட்டுக்கு எஞ்சின் எதற்கு? மோட்டார் ஹோம் என்பது எஞ்சினும் வீடும் ஒரே அடிச்சட்டத்தின் மேல் அமைந்தது. எஞ்சின் பழுதானால் வீடே பட்டறைக்குப் போய்விடும்; உதிரிபாகம் வரும்வரை நீங்கள் விடுதியில் அறை எடுக்க வேண்டும். பால் வாங்கப் போவதானாலும் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வீட்டையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் தனியாக ஒரு கார் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஓர் இடம் என்று ஓடிக்கொண்டே இருப்பவர்களுக்குக் கிளாஸ் சி நல்ல வண்டி, மறுக்கவில்லை. அதைவிடச் சிறிய கிளாஸ் பி வேனில் இரண்டு பேர் மழைக்காலத்தில் ஒரு வாரம் அடைந்து கிடந்தால் தாம்பத்தியத்துக்கே சோதனை. உங்களுக்கு நான் சொல்வது இழுத்துச் செல்லும் டிரெயிலர்; அதைப் பூங்காவில் விட்டுவிட்டுப் பிக்கப் டிரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம்.

இங்கேதான் நான் சறுக்கினேன். டிரக்கின் பின்புறச் சுமைத் தட்டில் கொக்கி பொருத்தி இழுக்கும் ஃபிஃப்த் வீல் வகை டிரெயிலர் நெடுஞ்சாலையில் அதிகம் ஆடாது, உள்ளே தலைக்கு மேல் தாராளமாக இடமும் இருக்கும் என்பதால் 30 அடியில் ஒன்றை வாங்கினோம். எங்களிடம் ஏற்கெனவே ஒரு ஹாஃப்-டன் டிரக், அதாவது இலகு வகைப் பிக்கப், இருந்தது. "உங்கள் டிரக் 11,000 பவுண்டு இழுக்கும், டிரெயிலர் அவ்வளவு வராது" என்றார் விற்பனையாளர். அவர் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. இழுக்கும் திறன் வேறு, சுமக்கும் திறன் வேறு. ஃபிஃப்த் வீல் தன் எடையில் சுமார் 20 முதல் 25 விழுக்காட்டை டிரக்கின் முதுகில் ஏற்றிவிடும். சாமான்களை எல்லாம் ஏற்றிய பிறகு எங்கள் டிரெயிலரின் எடை 9,600 பவுண்டு. அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றாலே 1,920. கொக்கி 150, நாங்கள் இருவரும் 310. மொத்தம் 2,380 பவுண்டு. டிரக்கின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில், ஆட்களும் சுமையும் சேர்ந்து தாண்டக்கூடாத அளவு என்று அச்சிட்டிருந்தது 1,650. மேற்கு டெக்சாஸில் ஐ-10 நெடுஞ்சாலையில் பின்சக்கரம் வெடித்து, ஓரமாக நிறுத்தி, இழுவை வண்டிக்காகக் காத்திருந்த மூன்று மணி நேரத்தில்தான் அந்த ஸ்டிக்கரை நான் முதன்முறையாக முழுவதும் படித்தேன். அதுவரை நாள்தோறும் அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆர்.வி.யிலும் இதேபோல் ஒரு சுமை ஸ்டிக்கர் கதவருகே இருக்கும். விடுமுறைக்குப் போகிறவர் இரண்டு பெட்டி துணி ஏற்றுவார். நாம் ஒரு வீட்டையே ஏற்றுகிறோம். குளிர்காலக் கோட்டுகள், புத்தகங்கள், கருவிகள், அரிசி மூட்டை, கிரைண்டர் என்று எல்லாம் எடைதான். நீங்கள் பார்த்த 31 அடி கிளாஸ் சி வண்டிகளில் பெரும்பாலானவை 14,500 பவுண்டு வரம்புள்ள ஃபோர்டு இ-450 அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. அடிச்சட்டம் அதேதான், அதன்மேல் நீளத்தையும், பக்கவாட்டில் வெளியே தள்ளும் அறைகளையும் கூட்டக் கூட்ட, நீங்கள் ஏற்றக்கூடிய சுமை குறைந்துகொண்டே போகும். எடுத்துக்காட்டாக, ஸ்டிக்கரில் 1,100 பவுண்டு என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் 320 பவுண்டு. ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு என்பதால் 50 கேலன் தொட்டியை நிரப்பினால் 417. மிஞ்சுவது 363 பவுண்டு. ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுவதற்குமான சாமான்களுக்கு அவ்வளவுதான் இடம். இதனால்தான் நீளமான வண்டி நிறையச் சுமக்கும் என்று எண்ணி ஏமாறாதீர்கள் என்கிறேன். முழுநேரக் குடியிருப்புக்கான டிரெயிலரில் குறைந்தது 2,000 பவுண்டாவது ஏற்ற முடிய வேண்டும் என்பது என் சொந்தக் கணக்கு. டிரெயிலரை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற டிரக்கைப் பிறகு வாங்குங்கள். நாங்கள் செய்ததுபோல் தலைகீழாக வேண்டாம்.

மின்சாரத்தையும் கேட்டிருந்தீர்கள். சிறிய வண்டிகளில் 30 ஆம்பியர் இணைப்பு. அதாவது 120 வோல்ட்டில் அதிகபட்சம் 3,600 வாட். குளிர்சாதனம் சுமார் 1,500 வாட் எடுக்கும்போது 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டால் ஏறத்தாழ எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். அந்த நேரத்தில் வெந்நீர்க் கொதிகலனும் மின்சாரத்தில் ஓடினால் பிரேக்கர் விழுந்து, நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அலுவலகக் கூட்டமும் அறுந்துபோகும். 50 ஆம்பியர் வண்டியில் மின்சாரம் இரண்டு கம்பிகளில், ஒவ்வொன்றிலும் 50 ஆம்பியராக, வருவதால் 12,000 வாட் கிடைக்கும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒருவரும் சமைக்கும் ஒருவரும் சேர்ந்திருக்கும் வண்டிக்கு 50 ஆம்பியரே சரி.

நம் சமையலால் வரும் ஒரு சிக்கலை எந்த விற்பனையாளரும் சொல்லமாட்டார். குக்கர் ஐந்து விசில் விட்ட ஆவி, 300 சதுர அடிகூட இல்லாத அடைப்புக்குள் எங்கே போகும்? குளிர் நாளில் கண்ணாடியிலும், மெத்தைக்கு அடியிலும், அலமாரியின் பின்சுவரிலும் நீராக வழியும். எங்கள் முதல் குளிர்காலத்தில் துணி அலமாரியின் மூலையில் கரும்பூசணம் படர்ந்துவிட்டது. ஆவி வெளியேற்றும் விசிறி உண்மையிலேயே வெளியே திறக்கிறதா, காற்றை வடிகட்டி உள்ளேயே விடுகிறதா என்று கூரையிலோ வெளிச்சுவரிலோ பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். "நான்கு பருவத்துக்கும் ஏற்ற வண்டி" என்று எழுதியிருப்பது விளம்பரச் சொல். அடித்தளத்தில் உள்ள தொட்டிகளும் குழாய்களும் மூடப்பட்டு அங்கே சூடான காற்று போகிறதா என்பதுதான் கேள்வி.

புது வண்டி வாங்காதீர்கள் என்பது என் கருத்து. கடையை விட்டு வெளியே வந்ததுமே மதிப்பு இறங்கிவிடும். முதல் ஆண்டின் சில்லறைக் கோளாறுகளையும் நீங்களே சுமக்க நேரும். நான்கைந்து ஆண்டுகள் ஆன வண்டியைப் பாருங்கள். அதற்குமேல் மிகப் பழையதாகப் போனாலும் தொல்லைதான், ஏனென்றால் 10 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளை உள்ளே விடாத தனியார் பூங்காக்கள் பல உள்ளன. பழைய ஆர்.வி.யைக் கொல்வது மழைநீர். முடிந்தால் மழை பெய்த மறுநாள் பார்க்கப் போங்கள். ஏணி போட்டுக் கூரையின் ஓரங்களிலும் விசிறியைச் சுற்றியும் உள்ள பூச்சு வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வந்து, படுக்கைக்கு மேலுள்ள மூலைகளையும் தள்ளுஅறையின் அடித்தரையையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் விலை எவ்வளவு குறைத்தாலும் வந்துவிடுங்கள். டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. (DOT) எழுத்துக்களுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்கள் அது உருவான வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். தடம் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் ஆறேழு ஆண்டுகள் ஆன டயரை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

நீளத்தைப் பொறுத்தவரை, 28 முதல் 30 அடிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காக்களின் முகாம்கள் பலவும் சிறிய வண்டிகள் ஓடிய காலத்தில் அமைந்தவை. பெரிய வண்டிக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. டிரெயிலரில் இருக்கும் இன்னொரு வசதி, அதை முகாமில் விட்டுவிட்டு டிரக்கில் மட்டும் மலைச்சாலைகளுக்குப் போகலாம் என்பது. காப்பீடு எடுக்கும்போது இதில்தான் முழுநேரமும் குடியிருக்கிறோம் என்பதை மறைக்காதீர்கள். அதற்கென்றே தனிக் காப்பீடு உண்டு, மறைத்தால் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும். முழுநேரக் குடியிருப்பை உத்தரவாதத்திலிருந்து விலக்கும் தயாரிப்பாளர்களும் இருப்பதால் அந்தத் தாளையும் படியுங்கள். தெற்கு டகோட்டா, டெக்சாஸ், ஃபுளோரிடா ஆகியவற்றில் ஒன்றை நிரந்தர முகவரியாக வைத்துக்கொள்ளும் வழக்கம் முழுநேரப் பயணிகளிடம் உண்டு. மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. கிரீன் கார்டு வந்து, உண்மையிலேயே ஊர் ஊராகப் போகும் நாளில் அதைப் பேசிக்கொள்ளலாம்.

முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். அந்த 31 அடி வண்டியின் கதவருகே உள்ள சுமை ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்புங்கள். கூடவே நீங்கள் இருவரும் கொண்டுபோக நினைக்கும் சாமான்களைக் குளியலறை எடைக்கருவியில் நிறுத்து எழுதி அனுப்புங்கள். இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.