ஒரு வருடம் சும்மா கிடந்த சின்னக் காஸ் அடுப்பு மஞ்சளாக எரிகிறது. மடு மாதா கோயிலுக்குக் கொண்டுபோக முன் நாமே துப்புரவாக்கலாமா?

ஓம், தாராளமாகச் செய்யலாம். ஆவணித் திருவிழாவுக்கு மடுவில் கூடாரம் அடிக்கும்போது மட்டும் வெளியே வந்து, மிச்ச நாளெல்லாம் கொட்டில் மூலையில் கிடக்கும் அடுப்பு என்கிறீர்கள். இப்படியானவை பாவித்துப் பழுதாவதைவிடச் சும்மா கிடந்து பழுதாவதுதான் கூட.

மாங்குளத்தில் எங்கள் அயலில் யாராவது இப்படி ஓர் அடுப்பைக் கொண்டுவந்தால், பர்னருக்குக் கீழே காற்றுப் போகும் வாயைத்தான் முதலில் பார்ப்பேன். அநேகமாக அதற்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும், இல்லாவிட்டால் சிலந்தி வலை பின்னியிருக்கும். காற்றுப் போதாவிட்டால் காஸ் முழுதாக எரியாது. சுவாலை மஞ்சளாகும், சட்டியடி கரிபிடிக்கும், மணமே இல்லாத நஞ்சான காபனோரொட்சைட்டும் வரும். நீலச் சுவாலை வரும்வரை அதில் தேத்தண்ணிகூட வைக்காதீர்கள்.

சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் மிஞ்சிய காஸ் எரிந்து தானாக அணைய விடுங்கள். நன்றாக ஆறியபிறகு முற்றத்தில் வைத்துக் கழற்றுங்கள். பர்னர் தலையைச் சவர்க்காரத் தண்ணியில் ஊறவிட்டு, ஓட்டைகளை ஈர்க்கால் ஒவ்வொன்றாகக் குத்தியெடுங்கள். பச்சை ஈர்க்கு நல்லது, காய்ந்தது உள்ளே முறிந்து நின்றுவிடும். மண்கூட்டைக் கம்பியில் துணி சுற்றி மெல்ல இடித்துத் தள்ளுங்கள். குளவி தன் குஞ்சுக்கென்று அடைத்துவைத்த சிலந்திகள் காய்ந்து அப்படியே உதிரும். கடைசித் துகள் வரும்வரை தட்டுங்கள்.

காஸ் பீச்சும் ஜெற்றுக்குள் மட்டும் தையல் ஊசி விடாதீர்கள், தயவுசெய்து! அந்தப் பித்தளைத் துளை ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. கொஞ்சம் அகன்றாலும் காஸ் கூடப் பாய்ந்து, நீங்கள் திருத்த நினைத்த அதே மஞ்சள் சுவாலைதான் இன்னும் பெரிதாக வரும். பின்பக்கத்தால் சைக்கிள் பம்பில் காற்று அடியுங்கள். அதற்கும் திறக்காவிட்டால் அதே அளவில் புதிதாக வாங்குங்கள். கழுவியதெல்லாம் வெயிலில் ஈரம் போகக் காய்ந்த பிறகுதான் பூட்ட வேண்டும்.

அப்புறம் ஒழுக்குப் பார்ப்பது. இதை விட்டுவிட்டுப் போகவே கூடாது. அடுப்பின் திருகை மூடி, சிலிண்டர் வால்வைத் திறந்து, ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை பூசுங்கள். சைக்கிள் ரியூபில் ஓட்டை பார்ப்பது மாதிரித்தான், குமிழி ஊதிக்கொண்டு வந்தால் அங்கே ஒழுக்கு. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்களை நானே கண்டிருக்கிறேன், அதைப்போல ஆபத்து வேறில்லை. றப்பர் வாஷர் வெடித்திருந்தால் மாற்றுங்கள், தேங்காய் எண்ணெய் பூசிச் சமாளிக்க வேண்டாம், எண்ணெய் றப்பரைக் கெடுக்கும். குழாய் இருந்தால் வளைத்துப் பாருங்கள், வெடிப்போ எலி கடித்த தடமோ கண்டால் புதிதுதான்.

2021 கடைசியில் இலங்கையில் அடுத்தடுத்துக் காஸ் வெடிப்புகள் நடந்தபோது, சிலிண்டரில் அடைக்கும் பியூட்டேன், புரோப்பேன் கலவையில் புரோப்பேன் கூடியதைப் பற்றி நாடே பேசியது. பியூட்டேன் -0.5 பாகை செல்சியசில் கொதிக்கும், புரோப்பேனோ -42 இலேயே கொதித்துவிடும். அதனால் ஒரே வெயிலில் புரோப்பேன் கூடிய சிலிண்டருக்குள் அழுத்தமும் கூட. வன்னி வெயிலுக்கு இது சின்ன விசயமில்லை. மூட்டில் மயிரிழை ஒழுக்கு இருந்தாலும் அது வழியாக வெளியே வருவது அதிகம். சிலிண்டரை நிழலில் நிமிர்த்தி வையுங்கள், பூட்டிய வாகனத்துக்குள் விடாதீர்கள்.

மடுவில் அந்த நேரம் சோளகம் வீசும். காற்றை மறைக்கிறோம் என்று சுற்றிவரத் தகரம் அடித்தால் சூடு சிலிண்டருக்கே திரும்பும். காற்று வரும் ஒரு பக்கம் மட்டும் மறையுங்கள். பர்னர் நேரே சிலிண்டரின் மேல் பூட்டும் வகையென்றால் அகலமான தாச்சியும் பெரிய பானையும் வேண்டாம். மழை வந்தாலும் கூடாரத்துக்குள் எரிக்காதீர்கள். இந்தக் காஸ் காற்றைவிடப் பாரம், ஒழுகினால் நீங்கள் பாய் விரித்துப் படுக்கும் நிலத்தோடுதான் தேங்கி நிற்கும்.

வாஷர் மாற்றியும் வால்வடியில் குமிழி வந்தால் ஸ்பானரை எடுக்காதீர்கள். சிலிண்டரை வெளியே திறந்த இடத்தில் வைத்துவிட்டு, வாங்கிய கடைக்காரரிடம் சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.