மாமியார் பாடினால் மாடிக்குப் போவதா?

கேள்வி: தஞ்சாவூரில், வீட்டிலேயே ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். புதிதாக வரும் ஆங்கிலப் பாடல்களைக் கைப்பேசியில் போட்டுக் கற்பிக்கிறேன். அழகாகப் பாடுகிறார்கள், ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் விழிக்கிறார்கள். ஒருநாள் 'கே செரா செரா' பாடலைப் போட்டபோது கூடத்தில் இருந்த என் மாமியார் அதே மெட்டில் ஒரு தமிழ்ப் பாட்டைப் பாடத் தொடங்கிவிட்டார், பிள்ளைகள் சிரித்தார்கள். அதிலிருந்து வகுப்பை மாடிக்கு மாற்றிவிட்டேன். எந்தப் பத்துப் பாடல்களைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: பட்டியல் தரப்போவதில்லை, அம்மா. நல்ல பாட்டு உங்கள் கையில் கிடைத்தது. அதை விட்டுவிட்டு நீங்கள்தான் மாடியேறிவிட்டீர்கள்.

உங்கள் மாமியார் பாடியது, 1957-இல் வந்த 'ஆரவல்லி' படத்தின் 'சின்னப் பெண்ணான போதிலே' பாட்டாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு இயக்குநர் ஹிட்ச்காக்கின் படமொன்றில் நடிகையும் பாடகியுமான டோரிஸ் டே பாடிய 'கே செரா செரா'வின் மெட்டை எடுத்து, ஜிக்கியும் ஏ.எம்.ராஜாவும் பாடியது அது. இரண்டிலும் சிறுமி ஒருத்தி தன் எதிர்காலத்தைப் பற்றித் தாயிடம் கேட்கிறாள். ஆகவே தமிழ்ப் பாட்டைக் கேட்ட பிள்ளைக்கு ஆங்கிலப் பாட்டின் பாதிப் பொருள் முன்கூட்டியே விளங்கிவிடும். அவள் தாயிடம் கேட்டது இறந்தகாலத்திலும், பின்னர் அவள் பெற்ற பிள்ளைகள் அவளிடம் கேட்பது நிகழ்காலத்திலும், 'நடப்பது நடக்கும்' என்று பல்லவியில் வரும் விடை எதிர்காலத்திலும் அமைந்திருக்க, ஒவ்வொரு சொல்லும் காதில் தெளிவாக விழும்படி நிதானமாகப் பாடப்பட்ட ஆங்கிலப் பாட்டு அது. இலக்கணப் பாடத்துக்கு இதைவிட வசதியாக எது கிடைக்கும்?

நீங்கள் தேடும் புதுப்பாட்டுகளில் பல, 'கோயிங் டு', 'வான்ட் டு' என்பவற்றை 'கோன்னா', 'வான்னா' என்று விழுங்கிக்கொண்டு ஓடுகின்றன. பழையவை எல்லாம் பொருந்தும் என்றும் சொல்லமாட்டேன். ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் 1965 பாட்டான 'சாட்டிஸ்ஃபேக்ஷ'னிலும் ('ஐ கான்ட் கெட் நோ'), பிங்க் ஃபிளாய்டு இசைக்குழுவின் 1979 பாட்டிலும் ('வீ டோன்ட் நீட் நோ எஜுகேஷன்') எதிர்மறை இரட்டிப்பாக, அதாவது ஒரே வாக்கியத்தில் இருமுறை வரும். பாட்டில் அது அழகு, பரீட்சையில் பிழை.

ஆனால் உங்கள் பிள்ளைகள் வாய் திறக்காததற்குப் பாட்டு மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. யாரும் கேட்காமலே, தனக்குத் தெரிந்ததை மகிழ்ச்சியோடு பாடிய ஒரு பெரியவரைப் பார்த்து எல்லாரும் சிரித்ததையும், ஆசிரியை அந்தச் சிரிப்பைக் கண்டிக்காமல் அவரை விட்டு வகுப்பையே நகர்த்தியதையும் அவர்கள் பார்த்தார்கள். அதன்பின் எந்தப் பிள்ளை தப்பும் தவறுமாக ஒரு வாக்கியம் பேசத் துணியும்? வீட்டுப் பெரியவர் வாய் திறக்கக் கூசும் இடத்தில் மொழி கற்பிக்க உங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது என்றே கேட்கிறேன். மாமியாருக்குச் சோறு போடுவதோடு கடமை தீர்ந்துவிடாது. அவர் பாடினால் காது கொடுப்பதும் அதில் சேர்த்திதான்.

திங்கட்கிழமை வகுப்பைக் கூடத்துக்கே கொண்டுவாருங்கள். முதலில் அவர் பாடட்டும். பிறகு ஆங்கிலப் பாட்டைத் தாள் கொடுக்காமல் ஒருமுறை கேட்கவிட்டு, அடுத்த முறை வினைச்சொற்களை மட்டும் விட்டு எழுதிய தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். அதன்பின் இருவர் இருவராக, ஒருவர் பிள்ளையாகவும் மற்றவர் தாயாகவும் இருந்து, எதிர்காலத்தைக் காட்டும் 'வில்' (will) என்ற ஆங்கிலச் சொல்லை வைத்துச் சொந்தமாகக் கேள்வி கேட்டுப் பதில் சொல்லட்டும். இரண்டு வாரத்துக்கு இந்த ஒரு பாட்டே போதும்.

மாமியாரை அழைப்பதைப் பிள்ளைகள் எதிரிலேயே செய்யுங்கள். அவரை விட்டு நகர்ந்தது அவர்கள் எதிரில்தானே நடந்தது.