கேள்வி பதில்: குழந்தைகள் படங்களில் பூனைகள்

கேள்வி: 'கிகியின் டெலிவரி சர்வீஸ்' படத்தின் முடிவில் கறுப்புப் பூனை ஜிஜி மீண்டும் பேசுகிறதா? நானும் தங்கையும் ஆளுக்கொன்று சொல்கிறோம்.

பதில்: நீங்கள் இருவரும் வெவ்வேறு பதிப்புகளைப் பார்த்திருக்க வேண்டும். இயக்குநர் மியாசாகி 1989-இல் எடுத்த ஜப்பானிய மூலத்தில் ஜிஜி, துடைப்பத்தில் பறந்து பொருள்களைக் கொண்டுசேர்க்கும் சூனியக்காரச் சிறுமி கிகியின் தோளில் ஏறி 'மியாவ்' என்று மட்டுமே சொல்கிறது. டிஸ்னியின் 1998-ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பில் அதற்கு ஒரு வசனத்தைக் கொடுத்துவிட்டார்கள். 2010-இல் வந்த மறுவெளியீட்டில் அந்த வசனம் நீக்கப்பட்டது. எந்தப் பதிப்பைப் பார்த்தோம் என்று தெரியாமல் வாதத்தில் இறங்காதீர்கள்.

கேள்வி: ஹாரி பாட்டர் படத்தில் வரும் குரூக்‌ஷாங்க்ஸ் என்ன வகைப் பூனை?

பதில்: பாரசீக வகை.

கேள்வி: குழந்தைகள் படம்தானே? பூனை பேசினால் பிள்ளைகள் மகிழ்வார்கள். ஒரு வசனத்தைச் சேர்த்ததில் என்ன குற்றம்?

பதில்: பிள்ளைகளை இவ்வளவு எளிதாக எடைபோடாதீர்கள். ஒரு சிறுவனிடம் சேர்ப்பதற்காகக் கிகி கூண்டில் வைத்துக் கொண்டுபோன பொம்மைப் பூனை காட்டில் விழுந்துவிட, அதற்குப் பதிலாக ஜிஜியே பொம்மையாக நடிக்கும் காட்சியை நினைத்துப்பாருங்கள். சிறுவன் கையில் அகப்பட்டு அது விறைத்துக் கிடக்க, ஜெஃப் என்ற கிழட்டு நாய்தான் அதைக் காப்பாற்றுகிறது. அதுவரை ஜிஜியின் முணுமுணுப்பெல்லாம், பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டு வந்த கிகி வாய்விட்டுச் சொல்லாத பயங்கள்தாம் என்பது என் வாசிப்பு. பறக்கும் ஆற்றல் குன்றும்போதே பூனையின் பேச்சும் அவளுக்குப் புரியாமல் போகிறது. ஆனால், தெருக் கூட்டும் முதியவரிடம் இரவல் வாங்கிய துடைப்பத்தில் அவள் மீண்டும் பறந்த பிறகும் அந்தப் பேச்சு திரும்புவதில்லை. பூனைக்கும் அதற்குள் வெள்ளைப் பூனையோடு தனிக் குடும்பம் அமைந்துவிடுகிறது. இவ்வளவு கவனமாகக் கட்டிய இழப்பை ஒரே வசனத்தால் மூடினால், கிகி வளர்ந்ததற்கு என்ன அடையாளம் மிஞ்சும்?

கேள்வி: வளர்ந்தால் நட்பை இழக்க வேண்டுமா? இது கொடுமையாக இல்லையா?

பதில்: நட்பு போகவில்லை, தோளில்தானே வந்து உட்கார்கிறது! போனது மொழி மட்டும்.

கேள்வி: கடைசியில் ஜிஜி பேசுமா, பேசாதா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 'டோட்டோரோ' படத்தின் பூனைப்பேருந்து எங்கிருந்து வந்தது?

பதில்: நல்ல கேள்வி, பேச்சை மாற்றியதற்கும் நன்றி. முதிர்ந்த பூனை உருமாறும் ஆற்றல் பெறும் என்பது ஜப்பானிய நாட்டார் நம்பிக்கை. அத்தகைய பூனையை 'பாகெனெகோ' என்பார்கள். அதுவே 1988-ஆம் ஆண்டுப் படத்தில் பன்னிரண்டு கால்களும் விளக்கான கண்களும் ரோமம் அடர்ந்த இருக்கைகளுமாக ஓடுகிறது. தங்கையைத் தேடி அக்கா ஏறியதும் ஊர்ப்பெயர்ப் பலகை சுழன்று 'மேய்' என்று அந்தத் தங்கையின் பெயரைக் காட்டும். பெரியவர்களுக்கோ காற்று மட்டுமே தெரியும்.

கேள்வி: என் பூனை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

பதில்: இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகளுக்கு ஜிஜி படத்தின் எந்தப் பதிப்பைக் காட்டலாம்?

பதில்: ஜப்பானியக் குரலோடு போட்டு, திரையில் வரும் எழுத்தை நீங்கள் தமிழில் சொல்லிக்கொண்டே வாருங்கள். கடைசி 'மியாவ்' வரும்போது மட்டும் சும்மா இருங்கள்.