குழந்தை வளர்ப்பு: கேள்வி – பதில்

கேள்வி: மகனுக்கு 4 வயது. மணலைக் கண்டால் நகரமாட்டான். மொட்டை மாடியில் 4-க்கு 4 அடியில் மணல் தொட்டி கட்டலாமா? (வாசகி, மதுரை)

பதில்: தொட்டி கட்டாயம் வேண்டும், ஆனால் மாடியில் வேண்டாம். அந்த அளவுக்கு முக்கால் அடி உயரம் நிரப்பவே 12 கன அடி மணல் பிடிக்கும். காய்ந்த மணலே கன அடிக்குச் சுமார் 45 கிலோ. மொத்தம் 540 கிலோ. நனைந்தால் இன்னும் கூடும். வீட்டு மாடியை ஒரே இடத்தில் இவ்வளவு பாரம் ஏற்றக் கட்டுவதில்லை. மாடியை விட்டால் வேறு இடமே இல்லையென்றால், அகலமான பிளாஸ்டிக் டப்பில் ஒரு மூட்டை மணல் போதும். டப்பைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள். குழந்தை அதன்மேல் ஏறிச் சுவரை எட்டிவிடும்.

கொல்லைப்புறம் இருந்தால் மர நிழலில் குழி எடுங்கள். அடியில் சிமென்ட் பூசினால் மழைநீர் தேங்கி மணல் நாறும். 3 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லி, அதன்மேல் ஓட்டை போட்ட உரச்சாக்கு, பிறகு மணல். எம்-சாண்ட் வாங்காதீர்கள், உடைத்த கல் என்பதால் முனை கூராக இருக்கும், காய்ந்தால் தூசி பறந்து மூச்சில் போகும். வீடு கட்டி மீந்த ஆற்று மணல் யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்கிச் சலித்து, அலசிப் போடுங்கள்.

பெரும்பாலான தொட்டிகளைக் கெடுப்பது பூனைதான். அதன் கழிவிலிருந்து புழு முட்டைகள் மணலில் கலக்கும். விளையாடி முடித்ததும் வலையால் மூடி, ஓரத்தில் செங்கல் வையுங்கள். தார்ப்பாய் மழைக்கு மட்டும்; எப்போதும் மூடி வைத்தால் ஈரம் அடைந்து பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை மண்வெட்டியால் கிளறிக் காயவிடுங்கள். விளையாடியபின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

காய்ந்த மணலில் வீடு நிற்காது, குழந்தைக்கும் சீக்கிரம் அலுத்துவிடும். எட்டுக் குவளை மணலுக்கு ஒரு குவளை தண்ணீர் கலந்தால் கோபுரம் நிற்கும். பொம்மை செட் வேண்டாம். இரண்டு அளவில் கொட்டாங்குச்சி, பழைய கரண்டி, ஓரடி பிவிசி குழாய்த் துண்டு, புளியங்கொட்டை விழுங்காத வயதென்றால் அதிலும் ஒரு கைப்பிடி. பிளாஸ்டிக் கார் எப்போதும் கார்தான். கொட்டாங்குச்சி காலையில் இட்லித் தட்டு, மாலையில் ஆமை.

முதல் பத்து நிமிடம் சும்மா அளைந்துகொண்டிருப்பான். அப்போது "கோயில் கட்டு" என்று சொல்லிவிடாதீர்கள். அவனுக்கான கதை அதற்குப் பிறகுதான் உருவாகும். முக்கால் மணி நேரமாவது இடையில் கூப்பிடாமல் விடுங்கள்.

கேள்வி: 5 வயது மகள் கண்ணுக்குத் தெரியாத ஒரு 'அக்கா'வோடு பேசுகிறாள், தட்டு வைக்கச் சொல்கிறாள். பயமாக இருக்கிறது. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இந்த வயதில் இது வெகு சாதாரணம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அக்கா கற்பனை என்பது தெரியும். தட்டு வையுங்கள், ஆனால் அந்த அக்காவுக்கு நீங்களாக வசனம் பேசாதீர்கள். அது அவள் ஆட்டம். "பாலைக் கொட்டியது அக்காதான்" என்றால், "சரி, இரண்டு பேரும் சேர்ந்து துடையுங்கள்" என்று துணியைக் கொடுங்கள். அந்த அக்கா அவளை மிரட்டுகிறாள், அடிக்கச் சொல்கிறாள் என்று அவள் அஞ்சினாலோ, மற்றக் குழந்தைகளிடம் அவள் சேரவே மறுத்தாலோ குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.